அல்ஜீரியக் கால்பந்து: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு ஆள், ஒரு நொடி. உங்களுடையதை எழுதுங்கள்

பாலைவனப் பணியாள்:
2014 ஜூன் 30. ஹாசி மெஸ்ஸவூத் எண்ணெய் வயல் முகாம். நோன்பு மாதம், இஃப்தார் முடிந்து எல்லோரும் மெஸ் ஹாலில் டிவி முன்னால். பிரேசில் உலகக் கோப்பை, நாக்-அவுட் ஆட்டம், எதிரில் ஜெர்மனி. 1982 உலகக் கோப்பைக் கதை உங்களுக்கே தெரியும், விடுங்கள். கூடுதல் நேரத்தில் ஷுர்லே ஒன்று, ஓசில் ஒன்று, ஆட்டம் முடிந்தது என்று பாதிப் பேர் கை கழுவ எழுந்துவிட்டார்கள். அப்போது அல்ஜீரியாவின் ஜாபூ ஒரு கோல் போட்டார். மிச்சம் சில விநாடிகள்தான், ஜெயிக்க வழியே இல்லை. ஆனால் ஹால் கத்திய கத்து! எங்கள் சமையல்காரர், அறுபதை நெருங்கியவர், கரண்டியோடு மேசைமேல் ஏறி நின்றார். கடைசி விசில் ஊதியும் இறங்கவில்லை. எதற்கு அந்தச் சந்தோஷம்? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கோல்கணக்கு:
'1982 கதை தெரியும்' என்று தாண்டிப் போவதுதான் எனக்கு எரிச்சல். ஸ்பெயினின் கிஹோனில் ஜூன் 25 அன்று, ஜெர்மனிக்கு 1-0 வந்தால் இரண்டு அணியும் தேறும், அல்ஜீரியா வெளியே என்று தெரிந்து, ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அந்த 1-0க்கு அப்புறம் பந்தை உருட்டிக்கொண்டிருந்தது அசிங்கம், மறுக்கவில்லை. ஆனால் முந்தின நாள் சிலியுடன் அல்ஜீரியா இடைவேளையில் 3-0. முடிவில் 3-2. அந்த 3-0 நின்றிருந்தால் ஆஸ்திரியாவோடு கோல் வித்தியாசம் சமம், அடித்த கோலில் அல்ஜீரியா மேலே. 1-0 தோல்வியோடு ஆஸ்திரியா சும்மா இருந்திருக்குமா?

ஓரானில் ஒரு டாக்சிக்காரரிடம் இதைச் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டினார். இறக்கிவிடப் போகிறார் என்று நினைத்தேன். அஸ்ஸாத் இரண்டு, பென்சாவுலா ஒன்று என்று விரல் மடக்கியவர், வாங்கிய இரண்டுக்கு வந்ததும், "அதை விடு, கூயா (தம்பி)" என்று கியரைப் போட்டார்.

எத்தியேன்வாசி:
கணக்கு சரி, நியாயம் தப்பு. அடுத்தவர் முடிவைத் தெரிந்துகொண்டு ஆடினார்களே. கடைசிக் குழு ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கிற முறையே அதற்கப்புறம்தான் வந்தது.

இங்கே செயின்ட் எத்தியேனில் பேச்சு ரஷீத் மெக்லூஃபி பற்றித்தான். அல்ஜீரியர், இந்த ஊர்க் கிளப்பில் இருந்துகொண்டே பிரான்சுக்காக ஆடியவர். உலகக் கோப்பைக்கு இரண்டு மாதம்கூட இல்லாதபோது, 1958 ஏப்ரலில் ரகசியமாகத் துனிஸ் போய் அல்ஜீரிய விடுதலை இயக்கமான எஃப்.எல்.என். நடத்திய அணியில் சேர்ந்தார். விடுதலைக்குப் பிறகு இதே கிளப்புக்குத் திரும்பினார். திரும்பி வந்து ஆடிய அன்று கேலரியில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்னார்: "யாரும் திட்டவில்லை, யாரும் கைதட்டவும் இல்லை. பந்து காலுக்கு வந்து, இரண்டு பேரைத் தாண்டினார். நான் எழுந்து தட்டினேன்." தட்டிய அந்தப் பிரெஞ்சுக்காரருடைய அண்ணன் அல்ஜீரியப் போரில் இறந்தவர்.

கேலரிக்காரன்:
நான் அல்ஜியர்ஸ் டெர்பி, அதாவது அந்த ஊரின் இரண்டு கிளப்புகள் மோதும் ஆட்டம் பார்த்தேன், ஃபிளேர் புகையில் முதல் பாதி தெரியவே இல்லை. அவ்வளவுதான். ஆனால் போகிறவர்கள் கவனியுங்கள்: மூலூதியா (1921இல் தொடங்கியது) பச்சை-சிவப்பு, யு.எஸ்.எம்.ஏ. சிவப்பு-கறுப்பு. சிவப்புச் சட்டையில் போனால் எந்தப் பக்கம் என்று குடைவார்கள், சாம்பல் நிறம் உத்தமம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெகுநேரம் முன்பே உள்ளே உட்கார வேண்டும். தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள், அதனால் குடித்துவிட்டே போங்கள். முக்கியமாக, எகிப்துப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். 2009 நவம்பரில் சூடானின் ஓம்துர்மானில், உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில், எகிப்தை வீழ்த்திய அந்தர் யஹ்யாவின் கோலை ஆளாளுக்கு நடித்துக் காட்டுவார்கள், இங்கே ஆட்டம் தொடங்கியே போயிருக்கும்.