டொர்னேடோ கடந்த ஊர்கள்: பார்த்தவர்கள் எழுதுகிறார்கள்

ஜாப்ளின், மிசூரியிலிருந்து

2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை. மாலை 5.11-க்கு டொர்னேடோ எச்சரிக்கையாக முதல் சைரன் ஊதியது. எங்கள் தெருவில் ஒரு கதவுகூடச் சாத்தப்படவில்லை. இந்தப் பக்கத்தில் வசந்தம் வந்தால் சைரனும் வரும். ஊதும், ஓயும், அவரவர் வேலை தொடரும். பெரும்பாலோர் முதல் சைரனுக்கு உடனே பதுங்கவில்லை என்று பிறகு வந்த அரசு ஆய்வுகளும் எழுதின. 5.38-க்கு மறுபடியும் ஊதியபோது டொர்னேடோ ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

படங்களில் காட்டும் புனல் வடிவச் சுழல்காற்றை நான் பார்க்கவே இல்லை. மழையைப் போர்த்திக்கொண்டு வந்தது. மேற்கே ஒரு கறுப்புச் சுவர், அவ்வளவுதான். இங்கே தரை பாறையாக இருப்பதால் பல வீடுகளுக்கு நிலவறை கிடையாது. எங்கள் வீட்டுக்கும் இல்லை. ஜன்னல் இல்லாத குளியலறையில் மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சத்தத்தைவிட, காது அடைத்துப் போனதுதான் இன்றும் நினைவில் நிற்கிறது.

வெளியே வந்தபோது வழி தெரியவில்லை. மரங்கள் நின்றன, பட்டை இல்லாமல். தெருப் பெயர்ப் பலகைகள் போய்விட்டன. பிறந்ததிலிருந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் தங்கள் வீடு எது என்று தேடினார்கள். பிறகு யாரோ நடைபாதையில் பெயின்டால் தெருப் பெயர்களை எழுதிவைத்தார்கள்.

இறந்தவர்கள் 161 பேர். கன்னிங்ஹாம் பூங்காவில் அவர்களுக்காக 161 மரங்கள் நட்டிருக்கிறார்கள். சிறகுள்ள 'வண்ணத்துப்பூச்சி மனிதர்கள்' தங்களைக் காத்ததாகச் சில குழந்தைகள் சொன்னார்கள். நகரத்துச் சுவரோவியத்தில் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தக் குழந்தைகளிடம் வாதாட எனக்கு என்ன தகுதி?

மர்ஃபிஸ்போரோ, இல்லினாய் போய்வந்தவர்

மேலே 'மழையைப் போர்த்திக்கொண்டு' என்று படித்ததும் 1925 மார்ச் 18 நினைவுக்கு வந்தது. அன்றும் பலர் புனலைப் பார்க்கவில்லை. தரையோடு உருண்டு வரும் கறுப்பு மூட்டம் என்றே சொன்னார்கள். புயல் மழை என்று நினைத்து நின்றவர்களும் உண்டு. மிசூரி, இல்லினாய், இந்தியானா என்று மூன்று மாநிலங்களைச் சுமார் மூன்றரை மணி நேரத்தில், ஏறக்குறைய 350 கிலோமீட்டர் கடந்தது. சராசரி வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். 695 பேர் இறந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் இன்றுவரை இதைவிட அதிக உயிரைக் குடித்த டொர்னேடோ இல்லை.

எச்சரிக்கை? அந்தக் காலத்து வானிலைத் துறை, மக்கள் பீதியடைவார்கள் என்று முன்னறிவிப்புகளில் 'டொர்னேடோ' என்ற சொல்லையே தவிர்த்துவந்தது! இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

மர்ஃபிஸ்போரோவில் மட்டும் 234 பேர். காற்று ஓய்ந்த பிறகு தீப்பிடித்து, மிச்சம் இருந்ததும் எரிந்தது. பக்கத்து ஊர் டி சோட்டோவில் பள்ளிக்கூடம் இடிந்து 33 பிள்ளைகள் இறந்தார்கள். நான் போனபோது பார்ப்பதற்கு அதிகம் இல்லை: அமைதியான வீதிகள், புல்வெளி, கல்லறைத் தோட்டம். அங்கே ஒரு பெரியவர், தம் தாயார் வாழ்நாள் முழுவதும் மேகம் கறுத்தால் பிள்ளைகளின் சட்டைப்பையில் பெயர் எழுதிய சீட்டை வைத்துவிடுவார் என்றார். ஏன் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லையாம்.

கான்சாஸிலிருந்து, சுருக்கமாக

கோடெல் என்ற சிற்றூர் இங்கே இருக்கிறது. 1916, 1917, 1918 மூன்று ஆண்டுகளிலும் அதே மே 20 அன்று டொர்னேடோ அடித்தது. தற்செயல்தான், வேறு விளக்கம் கிடையாது. ஆனால் 1919 மே 20 அன்று அந்த ஊர்க்காரர்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எண்ணிக்கையைப் பற்றி ஒன்று

695, 161 என்று திட்டமாக எழுதுகிறோம். எல்லா ஊரிலும் அப்படி எண்ணவில்லை. 1840 மே 7, மிசிசிப்பியின் நாட்செஸ்: 317 பேர் என்று பதிவு. பெரும்பாலோர் ஆற்றில் படகுகளில் இருந்தவர்கள். தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் இந்தக் கணக்கில் முழுதாக வந்திருக்க வாய்ப்பே இல்லை. 1936 ஏப்ரல் 5, அதே மாநிலத்தின் டுபெலோ: 216 பேர் என்று பதிவு. அங்கும் கறுப்பின மக்களின் சாவுகள் சரியாகக் கணக்கெடுக்கப்படவில்லை. அந்த இரவில் உயிர் தப்பிய கைக்குழந்தைகளில் பின்னாளில் பாடகரான எல்விஸ் பிரெஸ்லியும் ஒருவர் என்பதை எல்லோரும் சொல்வார்கள். விடுபட்டவர்களை யார் சொல்வது? கல்லில் பெயர் பொறிக்கும் முன், பட்டியலை எழுதியவர் யார் என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

டாக்காவில் வேலை பார்த்தவர்

கணக்கு என்றதால் எழுதுகிறேன். உலகிலேயே அதிக உயிர்களைப் பறித்த டொர்னேடோ அமெரிக்காவில் வீசவில்லை. வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில், தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளில், 1989 ஏப்ரல் 26 மாலை வீசியது. சுமார் 1300 பேர் இறந்ததாகவும் 80,000 பேர் வீடிழந்ததாகவும் மதிப்பிடுகிறார்கள். மாதக்கணக்கில் மழையில்லாமல் காய்ந்து கிடந்த வட்டாரம் அது. மேகம் திரண்டபோது மழை என்று மகிழ்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். மூங்கிலும் தகரமுமாகக் கட்டிய வீடுகள். பிய்ந்து பறந்த தகரம் கத்தியாயிற்று.

என்னோடு வேலை செய்த ஒருவர் அந்தப் பக்கத்துக்காரர். அப்போது பள்ளிச் சிறுவன். தன் சித்தப்பாவை எந்த வயலில் கண்டெடுத்தார்கள் என்பதை வரப்பு வரப்பாகச் சொன்னார். அன்று சிறுவராக இருந்தவர்கள் இன்னும் நடுவயதில்தான் இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு போனால் இப்போதும் நிறையக் கிடைக்கும்.

மூர், ஓக்லஹோமா, கட்டுமானத் தொழிலில் இருப்பவர்

நினைவுச் சின்னங்களை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஊரிலும் இருக்கின்றன. 1999 மே 3 அன்று வந்ததில் ரேடார் மணிக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர் காற்றை அளந்தது. 2013 மே 20 அன்று மறுபடி வந்து 24 பேரைக் கொண்டுபோனது. அவர்களில் ஏழு பேர் பிளாசா டவர்ஸ் பள்ளியில் இருந்த பிள்ளைகள். அந்தப் பள்ளியில் பதுங்க இடம் இல்லை. திரும்பக் கட்டியபோது வைத்தார்கள்.

எனக்குத் தெரிந்த மிக நல்ல நினைவஞ்சலி 2014-இல் நகரம் கொண்டுவந்த வீட்டுக் கட்டட விதிகள்தான். புது வீடுகள் மணிக்கு 135 மைல் காற்றைத் தாங்க வேண்டும். கூரைச் சட்டங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும், கூரையும் சுவரும் உலோகப் பட்டையால் இணைய வேண்டும், காரேஜ் கதவு காற்றுக்கு வளையாததாக இருக்க வேண்டும். பெரும்பாலும் வீடு பிரியத் தொடங்குவது அந்தக் கதவில்தான். அது உள்ளே விழுந்தால் காற்று புகுந்து கூரையைத் தூக்கிவிடும். நேரடியாக அடிக்கும் மிகப் பெரிய டொர்னேடோவை இந்த வீடுகளும் தாங்காது. ஆனால் ஓரத்தில் அடிபடும் வீடுகள்தான் எப்போதும் அதிகம், அவை நிற்கும். கூடுதல் செலவு என்று முனகும் வாடிக்கையாளர்களிடம் நான் விதி எண்ணைச் சொல்வதில்லை. 2013 என்று மட்டும் சொல்வேன். கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.