மறுமொழி: பாடி காம்போசிஷன் – உடலமைப்பா, உடலியைபா?

விளையாட்டு மருத்துவத்தில் 'பாடி காம்போசிஷன்' சார்ந்த சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'உடலமைப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கலே. உடலமைப்பு என்றதும் தோள் அகலம், உயரம், ஒல்லி, பருமன் என்று கண்ணில் படுவதுதான் நினைவுக்கு வருகிறது. பாடி காம்போசிஷன் என்று விளையாட்டு மருத்துவர்கள் அளப்பது உள்ளே கொழுப்பு, தசை, எலும்பு, நீர் ஒவ்வொன்றும் எவ்வளவு என்பதை. 1942-இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே, தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் உடற்கொழுப்பை அறிய அவர்களை நீருக்குள் அமிழ்த்தி எடை பார்த்தார். உயரம்-எடை அட்டவணை 'அதிக எடை' என்று தள்ளிவிட்ட பலருக்கு உடலில் கொழுப்பு குறைவாகவே இருந்தது. அமைப்பைப் பார்த்து ஏமாந்த கதை அது. அதே பெயரை இதற்கும் வைப்பானேன்?

'உடற்கூறு' அனாட்டமிக்குப் போய்விட்டது. வேதியியலில் காம்போசிஷனுக்கு 'இயைபு' ஏற்கெனவே புழங்குகிறது. ஆகவே என் வாக்கு 'உடலியைபு'க்கு.

> கொழுப்பைக் கழித்தால் மிச்சம் 'தசை நிறை'தானே?

இல்லை ஐயா. எலும்பு, ஈரல், இரத்தம் எல்லாம் அந்த மிச்சத்தில்தான் இருக்கின்றன. அதில் ஏறக்குறைய 73 சதவீதம் வெறும் நீர். உடலில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, மின்தடை முறையில் கொழுப்பை மதிப்பிடும் கருவி அந்த நீரை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. வியர்த்து நீர் வற்றிய ஓட்டக்காரரை அதில் ஏற்றினால் கொழுப்பைக் கூட்டிக் காட்டும். மிச்சத்துக்குத் 'தசை நிறை' என்று பெயர் வைத்தால், ஒரே பயிற்சியில் தசை கரைந்துவிட்டதாகப் பயிற்சியாளர் பதறுவார். ஃபேட் ஃப்ரீ மாஸுக்குக் 'கொழுப்பில்லா நிறை' போதும்.

லீன் பாடி மாஸ்தான் உண்மையான தலைவலி. சேமிப்புக் கொழுப்பை மட்டும் கழித்த உடல் நிறை அது. 'மெலிந்த உடல் நிறை' என்று சிலர் எழுதுகிறார்கள்; ஒல்லியான ஆளின் எடை என்றல்லவா படிக்கத் தோன்றுகிறது! பென்கே அதை வகுத்தபோது எலும்பு மஜ்ஜையிலும் நரம்பிலும் இருக்கும் கொஞ்சம் கொழுப்பையும் உள்ளேதான் வைத்தார், அது இல்லாமல் உயிர் வாழ முடியாது என்பதால். இதைச் சொல்விளையாட்டு என்று ஒதுக்க வேண்டாம். 1997-இல் எடையைக் குறைக்கப்போய் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் இறந்தார்கள். அப்புறம்தான் அங்கே போட்டி எடையை முடிவுசெய்யும்போது உடற்கொழுப்பு 5 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற விதி வந்தது. ஆகவே உயிர் வாழத் தேவையான அந்தக் கொழுப்புக்கு, அதாவது எஸென்ஷியல் ஃபேட்டுக்கு 'இன்றியமையாக் கொழுப்பு'. லீனுக்கு?

ஃபேட், லீன் இரண்டுக்கும் 'நிணம் × ஊன்' என்ற இணையை இந்த இழையில் முன்வைத்தவருக்குப் பாராட்டு. கொழுப்பும் சதையும் பழந்தமிழில் இப்படிப் பிரிந்தே நிற்கின்றன. ஆனால் 'நிணநீர்' லிம்ஃபுக்கு நிலைத்துவிட்டது. நிணத்தைக் கொழுப்புக்குத் திருப்பினால் மருத்துவ மாணவர்கள் நம்மை விடமாட்டார்கள். 'ஊன்' மட்டும் எடுத்துக்கொள்ளலாம். டெக்ஸா கருவி இரண்டு ஆற்றல் நிலைகளில் எக்ஸ் கதிரைச் செலுத்தி எலும்புத் தாது, கொழுப்பு, மற்ற மென்திசு என்று மூன்றாகப் பிரிக்கிறது இல்லையா? அந்த மூன்றாவதுக்கு 'ஊன் நிறை' கச்சிதம். பென்கேயின் லீனுக்கு அது பொருந்தாது, எலும்பு அதில் சேர்ந்திருக்கிறதே. அதற்கு 'அடிப்படை உடல் நிறை' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், எனக்கே முழுத் திருப்தி இல்லை.

தோலைக் கிள்ளிப் பிடித்துத் தடிமனை அளக்கும் ஸ்கின்ஃபோல்டுக்குத் 'தோல்மடிப்பு' சரி. அதை அளக்கும் இடுக்கி போன்ற கருவியான காலிப்பரைக் காலிப்பராகவே விட்டுவிடுவோம்.