பழைய ரோட்டுக்குப் பதிலா ஃப்ரீவே வருது, கருத்துல என்னென்ன கேக்கணும்?

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் வழியா போற பழைய ரெண்டு லேன் ஹைவேக்குப் பதிலா வயக்காட்டு வழியா புது ஃப்ரீவே போடப் போறாங்க, பிளானை வெளியிட்டு கருத்து எழுதிக் குடுக்கச் சொல்லிருக்காங்க. நான் ரோடு வேணாம்னு சொல்லல, நடுவுல தடுப்பு வச்சுட்டா நேருக்கு நேர் மோதுற விபத்து நல்லாவே குறையும். ஆனா ஃப்ரீவேல இன்டர்சேஞ்ச் இருக்குற இடத்துல மட்டும்தான் ஏற இறங்க முடியும், இப்ப குறுக்க போற பாதையெல்லாம் மூடிட்டா டிராக்டர், ஸ்கூல் பஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் சுத்திதான் போகணும்.

பெரிய கவலை தண்ணிதாங்க. மண்ணைக் கொட்டி உசத்தி ரோடு போட்டா அது ஏரிக்கரை மாதிரி நின்னுடும், கல்வெர்ட் (ரோட்டுக்கு அடியில தண்ணி போற வழி) பத்தலன்னா மேல் பக்கத்து வயல்ல வெள்ளம் தேங்கி பயிர் அழுகிடும். எத்தனை வருஷத்துக்கு ஒருதடவை வர்ற வெள்ளத்துக்குக் கணக்கு போட்டு கல்வெர்ட் வச்சிருக்காங்கன்னு எந்த ரிப்போர்ட்ல பாக்கணும்? அண்டர்பாஸ்ல அறுவடை மெஷின் நுழையுமான்னு எந்த டிராயிங்ல தெரியும்?

அப்புறம் பழைய ரோடு. அமெரிக்காவுல ரூட் 66ங்கிற பழைய ஹைவேக்குப் பதிலா இன்டர்ஸ்டேட்ங்கிற ஃப்ரீவே வந்து, 1985ல அதை ஹைவே பட்டியல்லருந்தே எடுத்துட்டாங்க, வழியில இருந்த பல சின்ன ஊர்ல வியாபாரம் படுத்துடுச்சு. இங்க பழைய ரோட்டை யார் பராமரிப்பாங்கன்னு எழுத்துல கேட்டு வாங்க முடியுமா?

சிவில் இன்ஜினியர்ஸ், இது மாதிரி கருத்து எழுதிக் குடுத்த அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க, மாதிரி மனு இருந்தாலும் போடுங்க ப்ளீஸ்.