2000 மீட்டர், 7:24: பலகையில் இருக்கலாமா, அழிக்க வேண்டுமா?

கடற்சூரை
வெளியூர் நண்பர்களுக்கு முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் நாங்கள் சில பேர் ஒரே ஜிம்மில், ஒரே ரோயிங் இயந்திரத்தில் பயிற்சி செய்கிறோம். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் எல்லோருடைய 2000 மீட்டர் நேரமும் இருக்கும். நேற்று நான் 7:24 என்று எழுதினேன். இன்று காலை போய்ப் பார்த்தால், பக்கத்தில் யாரோ சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள்.

ஆறு வாரத்துக்கு முன் என் நேரம் 8:00. டாம்பரை (காற்று இழுவையைக் கூட்டிக் குறைக்கும் நெம்பை) உச்சமான 10இல் வைத்து, வாரத்தில் ஐந்து நாளும் உயிரைக் கொடுத்து வலித்தேன். 36 வினாடி குறைந்தது. மானிட்டரைப் படம் எடுத்தும் வைத்திருக்கிறேன். கேள்விக்குறி போட்டவர் இங்கே வந்து பேசட்டும்.

உவர்மலை
போட்டவன் நான்தான், தம்பி. மறைந்து நிற்கும் பழக்கம் எனக்கில்லை.

அந்தப் படத்தை நீர் எனக்கும் காட்டினீர். மேலே 2000 மீட்டர், 7:24 என்று இருந்தது உண்மை. அதற்குக் கீழே நான்கு வரிகள் இருந்ததையும் சொல்லியிருக்கலாமே? நான்கு தடவை 500 மீட்டர், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1:51. இடையில் ஒவ்வொரு நிமிட ஓய்வு. மானிட்டர் ஓய்வைக் கழித்துவிட்டுத்தான் கூட்டுத்தொகையைக் காட்டும். முதல் வலிப்பிலிருந்து கடைசி வலிப்பு வரை சுவர்க் கடிகாரம் ஓடியது 10 நிமிடம் 24 வினாடி.

கடற்சூரை
வலித்த தூரம் 2000 மீட்டர், வலித்த நேரம் 7:24. இரண்டையும் இயந்திரமே சொல்கிறது. நான் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. இதில் பொய் எங்கே இருக்கிறது, அண்ணா?

தோணிக்காரன்
நான் கடற்சூரை பக்கம். ஜிம்முக்கு வருவது உடம்பை முறுக்கேற்ற. கணக்கப்பிள்ளை வேலை பார்க்கவா வருகிறோம்? என் அப்பா மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவைத் தண்டு வலித்தே கடந்தவர். அவர் எந்த மானிட்டரைப் பார்த்தார், எந்தக் கொப்பியில் எழுதினார்? பலம் இருந்தது, வலித்தார். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு எண் வேண்டும், அந்த எண்ணுக்கும் ஒரு சாட்சி வேண்டும்.

உவர்மலை
தோணிக்காரன், நல்ல இடத்தில் வந்து மாட்டிக்கொண்டீர். உம் அப்பா குடாவைக் கடந்தபோது 500 மீட்டருக்கு ஒரு தடவை உயிரைக் கொடுத்து வலித்துவிட்டு, தண்டைப் போட்டுவிட்டுப் படுத்தாரா? ஒரே சீராக, மணிக்கணக்கில், பக்கத்தில் இருப்பவரோடு கதை பேசிக்கொண்டே வலித்திருப்பார். நான் ஆறு மாதமாகக் கத்திக்கொண்டிருப்பதும் அதைத்தான். வாரத்தில் மூன்று நாள் 40 நிமிடம், நிமிடத்துக்கு 18 முதல் 20 வலிப்பு. வலிக்கும்போதே வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், மூச்சிரைக்காமல் பாரை மீன் விலையைச் சொல்ல முடிய வேண்டும். ஒரு நாள் அல்லது இரண்டு நாள் மட்டும் கடுமையாக. தினமும் கடுமையாக வலிப்பவனுக்கு அந்தக் கடுமையான நாளிலேயே கொடுக்க எதுவும் மிஞ்சாது.

கடற்சூரைக்கு: எண் பொய்யில்லை, பெயர்தான் பொய். 2000 மீட்டரில் கடினமான இடம் மூன்றாவது 500. தொடை எரியும், கைப்பிடியை விட்டுவிடலாம் என்று மனம் கெஞ்சும். சரியாக அந்த இடத்துக்கு முன்னால் நீர் ஒரு நிமிடம் தண்ணீர் குடித்தீர்.

இன்னொன்று. 500 மீட்டருக்கு 2:00 என்றால் 203 வாட். 1:51 என்றால் 256 வாட். நேரம் கொஞ்சம் குறைந்தாலும், வேகத்தை மூன்று தடவை தன்னாலேயே பெருக்கிய கணக்கில் சக்தி ஏறும். ஆறு வாரத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் பலம் கூடியதாகப் பலகை சொல்கிறது. இதே இயந்திரத்தில் 2000 மீட்டர் உலகச் சாதனையைப் பாரும்: 2008இல் ராப் வாடெல் 5:36.6 வலித்தார். அதை ஜோஷ் டங்க்லி ஸ்மித் 2018இல் 5:35.8 ஆக்கினார். 10 வருடத்தில் 0.8 வினாடி. உமக்கு ஆறு வாரத்தில் 36 வினாடி.

கடற்சூரை
உலகச் சாதனைக்காரரோடு என்னை ஒப்பிடுவது நியாயமா? அவர்கள் மலை உச்சியில் நிற்கிறார்கள், நான் அடிவாரத்தில் நிற்கிறேன். புதிதாகத் தொடங்குபவனுக்கு வேகமாகத்தான் குறையும். அத்தோடு நான் வலித்தது டாம்பர் 10இல். நீங்கள் 4இல் வைத்துக் காற்று வாங்குகிறீர்கள்.

உவர்மலை
முதல் பாதியை ஏற்கிறேன், அந்த ஒப்பீடு கொஞ்சம் அதிகம்தான். டாம்பரைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அந்த நெம்பு சைக்கிள் கியரைப் போன்றது. சில்லுக் (விசிறிச் சக்கரக்) கூட்டுக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்பதை மட்டும் அது தீர்மானிக்கும். இரண்டு வலிப்புகளுக்கு நடுவே சில்லு எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்பதை மானிட்டர் ஒவ்வொரு தடவையும் அளந்துதான் உம் வாட்டைக் கணக்கிடுகிறது. டாம்பர் 10 என்பதற்காக ஒரு மீட்டர்கூட இனாமாகத் தராது. முதுகுதான் சீக்கிரம் களைக்கும்.

நீர் பெருமைப்படும் அந்த 10உம் 10 இல்லை. மானிட்டரில் டிராக் ஃபேக்டர் என்று ஓர் எண் இருக்கிறது, உண்மையான இழுவை அதுதான். போன மாதம் நெம்பை 10இல் வைத்துப் பார்த்தேன்: 138. சந்தேகம் வந்து நாலு திருகாணியைக் கழற்றிக் கூட்டைத் திறந்தேன். துவாய்ப் பஞ்சு, கடற்கரை மணல், யாரோ ஒருவரின் நீளமான தலைமயிர், எல்லாம் வியர்வை ஈரத்தில் திரண்டு, கம்பி வலையில் கம்பளிபோல ஒட்டிக்கிடந்தன. பழைய பற்தூரிகையால் சுரண்டி எடுத்து ஒரு பத்திரிகைத் தாளில் குவித்தேன். இரண்டு கை கொள்ளாது. சங்கிலியில் வேறு உப்புக்காற்றுத் துரு. துடைத்து எண்ணெய் போட்டுத் திரும்பவும் பார்த்தால், அதே 10இல் 196. அதுவரை நாம் எல்லோரும் அழுக்கின் தயவில்தான் வலித்திருக்கிறோம்.

நங்கூரம்
அண்ணாமார் இருவரும் டாம்பரிலேயே நிற்கிறீர்கள். பலகையின் அடியில் கிடக்கும் பெயர் என்னுடையது, 8:16. நான் 58 கிலோ. கடற்சூரை அண்ணா 92 கிலோ என்று அவரே எழுதியிருக்கிறார். படகில் போனால் தன் உடம்பையும் சேர்த்து அவர் நீரில் இழுக்க வேண்டும். இந்த இயந்திரம் நிலத்தில் நிற்கிறது, பாரமான உடம்புக்கு அது வசதி. இயந்திரத்தைச் செய்யும் கான்செப்ட் டூ நிறுவனமே இதற்கு ஒரு திருத்தக் கணக்கு வைத்திருக்கிறது: எடையைப் பவுண்டில் எடுத்து, 270ஆல் வகுத்து, 0.222 அடுக்குக்கு உயர்த்தி, நேரத்தால் பெருக்க வேண்டும். என் 8:16 அதில் 7:00 ஆகிறது. அவருடைய 7:24 சுமார் 6:57. உண்மையான 2000ஐ ஒரு தடவை வலித்துவிட்டுச் சொல்லுங்கள், பிறகு பார்க்கலாம்.

வெக்கையையும் எழுத வேண்டும். ஆடி மாதக் கச்சான் காற்றில், மின்விசிறி இல்லாத மூலையில், பிற்பகல் மூன்று மணிக்கு 120 வாட்டில் என் நாடித்துடிப்பு 166. அதே 120 வாட், காலை ஆறு மணிக்கு 149. உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்கு ஓடுகிறது, வியர்வையில் நீர் குறைகிறது. இதயம் அதிகம் அடிக்காமல் என்ன செய்யும்? நான் பலமிழக்கவில்லை, அறைதான் கொதிக்கிறது. இது தெரியாமல் ஒரு மாதம் அழுதிருக்கிறேன்.

தோணிக்காரன்
எடை, வெக்கை, டிராக் ஃபேக்டர், மின்விசிறி. இனிப் பலகையில் ராசியும் நட்சத்திரமும் எழுதுங்கள்.

உவர்மலை
நட்சத்திரம் வேண்டாம். பாதியில் விட்டதை எழுதினால் போதும். என் கொப்பியில் இந்த வருடம் ஏழு தடவை “விட்டேன்” என்று இருக்கிறது. எந்த மீட்டரில், என்ன வேகத்தில் தொடங்கி விட்டேன் என்றும் இருக்கிறது. ஏழில் ஐந்து, முதல் 500ஐ ஆசைப்பட்டு நான்கு வினாடி வேகமாக வலித்த நாட்கள். வெற்றிகளை மட்டும் எழுதியிருந்தால் இது எனக்கு எந்த ஜென்மத்திலும் தெரிந்திருக்காது.

கடற்சூரை (நான்கு நாள் கழித்து)
வலித்தேன். மானிட்டரில் 2000 என்று வைத்து, ஓய்வில்லாமல்.

வியாழன் காலை, 500 மீட்டருக்கு 1:51 என்ற வேகத்தில் தொடங்கினேன். 1240 மீட்டரில் கைப்பிடி கையை விட்டுப் போய்விட்டது. நான் விட்டேனா அது விட்டதா என்று தெரியாது. சில்லு சுழன்று அடங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தரையில் கிடந்தேன். துப்புரவு செய்யும் அம்மா வந்து, “தம்பி, கோப்பிக்குச் சொல்லவா?” என்று கேட்டார்.

இன்று காலை 1:58இல் தொடங்கினேன். 7:49. இழுவை 130, அறை 29 பாகை. 7:24ஐ நானே அழித்துவிட்டு, பக்கத்தில் “நான்கு 500, ஓய்வுடன்” என்று தனி நிரை போட்டிருக்கிறேன். அந்த நிரையில் முதலிடம் எனக்குத்தான், அதில் யாரும் கேள்விக்குறி போட வேண்டாம். வியாழக்கிழமையையும் எழுதிவிட்டேன்.

மெதுவாக 40 நிமிடம் வலிப்பதை மட்டும் ஏற்க மாட்டேன். ஒரு நாள் செய்து பார்த்தேன். பதினைந்தாவது நிமிடத்தில் தூக்கம் வந்தது.

நங்கூரம்
7:49ஐத் திருத்தினால் 7:20. என்னுடையது 7:00. சும்மா சொல்லி வைக்கிறேன்.

தோணிக்காரன்
இதற்குத்தான் கணக்கு வேண்டாம் என்றேன்.

உவர்மலை
தூக்கம் வந்தால் சரியான வேகத்தில் வலிக்கிறீர் என்று அர்த்தம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாரும், பக்கத்தில் இருந்து கதை சொல்கிறேன். சிவப்பு மைப் பேனாவை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். எடுத்தவர் திருப்பிக் கொண்டுவந்து வைக்கவும்.