தனியாகக் காட்டுப்பாதையில் ஒரு நாள் நடை: என்னவெல்லாம் மாறும்?

மெதுநடை:
வணக்கம். நான் எப்போதும் மூன்று நண்பர்களோடுதான் காட்டுப்பாதைகளில் நடக்கப் போவேன். காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடும் நடைதான், கூடாரமெல்லாம் கிடையாது. நல்லவர்கள், ஆனால் மூவருக்கும் காலில் சக்கரம். நான் எப்போதும் கடைசி. அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், "வந்தாச்சா? சரி, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பத்து நிமிட ஓய்வு, எனக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. விழுந்து கிடக்கும் மரத்தில் அடுக்கடுக்காகக் காளான் முளைத்திருந்தால் நான் குனிந்து பார்க்க வேண்டும். மரங்கொத்தி தட்டும் சத்தம் கேட்டால் நின்று தேட வேண்டும். நால்வராகப் போனால் இதெல்லாம் நடக்காது. எங்கள் பேச்சுக்கே அது பறந்திருக்கும்.

அதனால் ஒருமுறை தனியாகப் போக ஆசை. மனதில் இருப்பது 11 கிலோமீட்டர் வட்டப்பாதை, மொத்த ஏற்றம் சுமார் 500 மீட்டர், மரங்களில் மஞ்சள் அடையாளம் உண்டு. நண்பர்களோடு போன பாதைதான். ஆனால் எந்தப் பிரிவில் எந்தப் பக்கம் திரும்பினோம் என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை. முன்னால் போனவரின் குதிகால் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது! அம்மா "தனியாவா?" என்று கேட்டதோடு சரி, அப்புறம் பேச்சே இல்லை. தனியாகப் போனால் உண்மையில் என்ன மாறும்?

பழைய பூட்ஸ்:
குதிகால் விஷயம் பலருக்கும் உண்டு. பாதை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். தெரிந்தது முன்னால் போனவருக்கு.

தனியாகப் போனால் சின்ன அடிகூடப் பெரிய விஷயமாகிவிடும். கணுக்கால் சுளுக்கிக்கொண்டால், கூட்டத்தில் ஒருவர் பக்கத்தில் இருப்பார், இன்னொருவர் உதவி கேட்டுப் போவார். தனியாக இருந்தால் அந்த இன்னொருவர் வீட்டில் இருக்கிறார். நீங்கள் எந்தப் பாதையில் இருக்கிறீர்கள், எப்போது வரவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தால்தான் பிரயோஜனம். கிளம்பும் முன் எழுதி அனுப்பிவிடுங்கள். எத்தனை மணி வரை தகவல் இல்லையென்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். அந்த நேரத்தைத் தாராளமாக வையுங்கள், சிக்னல் கிடைக்காமல் அரை மணி தாமதமானதற்கு யாரும் பதறக் கூடாது. காட்டை விட்டு வெளியே வந்ததும் முதல் வேலை, வந்துவிட்டேன் என்று சொல்வது.

நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்னது. மெட்ரிக் அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி. உங்கள் பாதைக்கு மூன்று மணி வருகிறது. அதில் ஓய்வு சேரவில்லை, வழுக்கும் வேர்கள் சேரவில்லை, காளான் சேரவே இல்லை. நானாக இருந்தால் ஐந்து மணி வைப்பேன்.

போனில் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்கு டவர் வேண்டாம். சிக்னல் இல்லாத காட்டில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். காகித மேப் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

பிரிவு வரும் இடத்தில் எல்லாம் ஒருமுறை திரும்பி, வந்த வழியைப் பாருங்கள். போகும்போது பார்த்த பாதைக்கும் திரும்பும்போது தெரியும் பாதைக்கும் சம்பந்தமே இருக்காது. கொஞ்ச தூரமாக அடையாளம் கண்ணில் படவில்லையா, கடைசியாகப் பார்த்த மஞ்சளுக்கே திரும்புங்கள். குறுக்கே இறங்கினால் சேர்ந்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம்.

நெட்டைமரம்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் தனியாகப் போனால் ஆபத்து, கூட்டமாகப் போனால் பாதுகாப்பு என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கடைசி ஆள் கண்ணுக்கே தெரியாமல் பின்தங்கிவிட்டால், அவர் தனியாகத்தான் நடக்கிறார். கையில் மேப் இல்லை, வழியும் தெரியாது. மெதுநடை, நீங்கள் இத்தனை நாளும் தனிநடைதான் போயிருக்கிறீர்கள், அதுவும் மோசமான விதத்தில்.

எங்கள் குழுவில் மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போவார். பாதை பிரியும் இடத்தில் எல்லோரும் வந்து சேரும் வரை யாரும் நகர மாட்டோம், கடைசியாக வந்தவர் தண்ணீர் குடித்த பிறகே கிளம்புவோம். ஆரம்பத்தில் வேகக்காரர்கள் முணுமுணுத்தார்கள். இப்போது அவர்களும் காளான் பார்க்கிறார்கள், வேறு வழியில்லை.

உங்களுக்கு ஒரு யோசனை. அதே பாதையில் அவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். தனியாகவும் நடந்த மாதிரி, பின்னால் ஆட்களும் வருகிற மாதிரி. மேப்பை நீங்களே பார்த்துப் போக வேண்டும் என்பதால் குதிகால் பிரச்சினையும் தீரும்.

மெதுநடை:
மோசமான விதத்தில் தனிநடை என்றதும் சிரித்துவிட்டேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை. ஒரு மணி முன்னால் கிளம்பும் யோசனை பிடித்திருக்கிறது. நண்பர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள், கொஞ்சம் வேகமாகவே ஒத்துக்கொண்டார்களோ என்று சந்தேகம். ஹெட்போனில் பாட்டு கேட்டுக்கொண்டே நடக்கலாமா? உண்ணி கடித்தால் என்ன செய்வது?

ஈர சாக்ஸ்:
மரங்கொத்தி கேட்கத்தானே போகிறீர்கள்? ஹெட்போன் எதற்கு?

உண்ணிக்கு: நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். எண்ணெய் விடுவது, நெருப்புக் காட்டுவது எல்லாம் கூடாது. அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தோலில் சிவந்த தடிப்போ வந்தால் மருத்துவரிடம் போங்கள், உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

பகல் நடைதானே என்று டார்ச்சை விட்டுவிட்டுப் போகாதீர்கள், மரக்கூரைக்குக் கீழே வெளிச்சம் சீக்கிரமே போய்விடும். பருத்திச் சட்டை வேர்வையில் நனைந்தால் லேசில் காயாது, உட்கார்ந்ததும் குளிரும். விசில் ஒன்று கழுத்தில் தொங்கட்டும். கத்தினால் தொண்டைதான் போகும், விசில் சத்தம் தூரம் போகும். ஆல்ப்ஸ் மலை வழக்கப்படி நிமிடத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். நிமிடத்துக்கு 3 முறை பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார் என்று அர்த்தம். வட அமெரிக்காவில் 3 முறை ஊதுவதே ஆபத்துக் குறி.

மெதுநடை:
அம்மாவுக்கு அனுப்ப எழுதியிருப்பது இது. சரியா பாருங்கள்: "மஞ்சள் அடையாள வட்டப்பாதை. காலை 7 மணிக்குத் தொடக்கம், நண்பர்கள் 8 மணிக்குப் பின்னால் வருகிறார்கள். 12 மணிக்குள் முடிப்பேன், முடித்ததும் கூப்பிடுவேன். 2 மணி வரை கூப்பிடாவிட்டால் முதலில் நண்பர்களுக்கு, அவர்களும் எடுக்கவில்லை என்றால் வனத்துறை அலுவலகத்துக்கு. எண்கள் கீழே. சிவப்புச் சட்டை, நீலப் பை."

பழைய பூட்ஸ்:
சட்டை நிறம் வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள், நல்லது. வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுகிறீர்கள் என்பதுதான் இல்லை. அதை நண்பர்களுக்கும் சொல்லுங்கள். அவர்கள் எதிர்ப்பக்கமாகக் கிளம்பிவிட்டால் உங்களுக்குப் பின்னால் யாரும் வரமாட்டார்கள்.