ஜிடிஏ 3 போஸ்டர்: ஒரிஜினலா, மறு அச்சா?

கொழிஞ்சாம்பாறை_பிஎஸ்2:
ஜிடிஏ 3 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3 வீடியோ கேம்) அட்டைப்பட போஸ்டர் ஒன்று விலைக்கு வந்திருக்குங்க. மூன்று மடிப்பு, பளபளக் காகிதம். "அமெரிக்காவில் தடை பண்ணின படம், கிடைக்கவே கிடைக்காது" என்று சொல்லி 3,500 ரூபாய் கேட்கிறார்கள். ஒரிஜினல்தானா என்று எப்படிப் பார்ப்பது? ஃபிரேம் கடையில் லேமினேஷன் போட்டுப் பலகையில் ஒட்டச் சொல்கிறார்கள், அது சரிதானுங்களா?

ஆஃப்செட்_பொள்ளாச்சி:
தடையெல்லாம் இல்லைங்க. கேம் வந்தது 2001 அக்டோபர். செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த கையோடு அமெரிக்கப் பதிப்புக்கு அட்டையை மாற்றினார்கள். கட்டம் கட்டமாகப் படம் வைத்த அந்தப் புது அட்டைதான் பிறகு தொடருக்கே முத்திரையாகிவிட்டது. பழைய ஓவியம் ஐரோப்பாவில் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கேம் பெட்டியிலேயே கடைக்கு வந்தது. 'தடை' என்ற சொல்லுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீங்க.

சோதிக்க 10 மடங்கு லென்ஸ் போதும். ஜவுளிக்காரர்கள் இழை எண்ணுகிற பிக் கிளாஸே ஆகும். ஆஃப்செட் அச்சில் (அச்சகத்தில் தகடு வைத்து அடிப்பது) நான்கு நிறப் புள்ளியும் ஒழுங்காகச் சேர்ந்து குட்டிப் பூ மாதிரி தெரியும். இன்க்ஜெட்டில் தெளித்த மாதிரி சிதறியிருக்கும். ஆனால் ஸ்கேன் செய்து ஆஃப்செட்டிலேயே அடித்த நகலும் உண்டு. அதனால் முதலில் கீழே உள்ள பொடி எழுத்தைப் பாருங்க. ஒரிஜினலில் அது பெரும்பாலும் தனிக் கறுப்பு மையில் விளிம்பு கூராக இருக்கும். நகலில் எழுத்தே வண்ணப் புள்ளிகளாக உடைந்திருக்கும். மடிப்பையும் விரலால் தடவுங்க. சில நகல்களில் மடிப்புக்கோடே படமாக அச்சாகியிருக்கும், கைக்குத் தட்டாது.

புற ஊதா டார்ச் இதற்கு உதவாது. 2001 காகிதத்திலும் வெண்மையூட்டி இருக்கும், ஒரிஜினலும் நகலும் ஒரே மாதிரி நீலமாக ஒளிரும்.

காகிதம்_காப்போம்:
லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் உரிக்க முடியாது, வாங்கிய விலையும் திரும்பாது.

மடிப்பு எடுக்க ஈரம் காட்டச் சொல்வார்கள். அது பூச்சில்லாத தாளுக்குத்தான். பளபளத் தாளின் களிமண் பூச்சு ஈரத்தில் இளகி, மேலே பட்டதோடு ஒட்டிக்கொள்ளும். இஸ்திரியும் கூடாது. மேலும் கீழும் பட்டர் பேப்பர், அதற்கு வெளியே ஒற்றுத்தாள், பிறகு 12 மி.மீ. பிளைவுட், மேலே 15 கிலோ எடை. மூன்று வாரம் தொடாதீங்க. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தாளை வறட்டிவிடும், அப்போது பிரித்தால் மடிப்பில் மை உதிரும். அதுவரை பொறுக்காமல் இப்போதே பிரிச்சு எடைக்கு அடியில் வெச்சிருங்க. கோடு முழுக்க மறையாது, ஆனால் படிந்துவிடும்.

ஃபிரேமில் அமிலமில்லாத அட்டை, நான்கு மூலைக்கும் காகித மூலைப்பை. பசையே வேண்டாம்; மைதா பசைக்கு ராமபாணப் பூச்சி தேடி வரும். விளிம்பெல்லாம் ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் விரிய இடமில்லாமல் நெளியும். தாளுக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விடுங்க, ஃபிரேமின் பின்னால் நான்கு ரப்பர் குமிழ். மேற்குச் சுவரில் மாட்டாதீங்க, ஆனி ஆடிச் சாரல் அங்கேதான் அடிக்கும்.

கொழிஞ்சாம்பாறை_பிஎஸ்2:
நன்றிங்க. போஸ்டர் விற்கிற அதே ஆள் ஜிடிஏ வரிசையின் சான் ஆண்ட்ரியாஸ் கேம் பெட்டியும் வைத்திருக்கிறார், அதிலும் ஏதோ தடை என்கிறார்.

ஆஃப்செட்_பொள்ளாச்சி:
மறைத்து வைத்த பாலியல் காட்சி வெளியே தெரிந்து, 2005 ஜூலையில் கேம்களுக்கு வயது வரம்பு சொல்லும் அமெரிக்க வாரியம் எம் (17 வயது முதல்) என்பதை ஏஓ (பெரியவர்களுக்கு மட்டும்) ஆக்கியது. காட்சியை நீக்கி மறுபடி எம் என்றே விற்றார்கள். எம் போட்ட பெட்டி ஏராளம், அதற்கு அரிய விலை கிடையாதுங்க. போஸ்டருக்கு முதலில் பொடி எழுத்தின் குளோசப் படம் அனுப்பச் சொல்லுங்க.