குடும்பக் குழு: பிரவுன்ஸ் பே வீட்டுக்கு ஒரு சிவப்பு ரோஜா

நியூசிலாந்து, ஆக்லாந்து. ஜூலை, சனிக்கிழமை காலை

கயல்: பெரியம்மா, எழுந்துவிட்டீர்களா? வீட்டு முன்னால் வேலியோரம் கொஞ்சம் வெறும் மண் கிடக்கிறது. அங்கே சிவப்பு ரோஜா வைக்க ஆசை. கடையில் இப்போது இலையே இல்லாத குச்சிச் செடிகளாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது என்று தெரியவில்லை. கடல் இரண்டு தெரு தள்ளித்தான். ஜன்னல் கண்ணாடியைத் தொட்டாலே உப்பு ஒட்டுகிறது.

கயல்: (படம்)

பெரியம்மா: பார்த்தேன் கண்ணு. நல்ல நேரத்தில் கேட்டாய். ஆக்லாந்தில் ரோஜா நட ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் சரியான காலம். அந்தக் குச்சி உறங்கும் செடி. பயப்படாமல் வாங்கு, நவம்பரில் பூக்கும்.

பெரியம்மா: ஆனால் உன் இடத்துக்கு உயரமான ரோஜா வேண்டாம். நீளத் தண்டில் ஒற்றைப் பெரிய பூ பூக்கும் வகை கடற்காற்றில் ஆடி ஆடி வேர் தளர்ந்துவிடும். குட்டையாக, அடர்த்தியாக, கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஃப்ளோரிபண்டா வாங்கு. பெயர் சொல்லிக் கேள்: ட்ரம்பெட்டர்.

மாமா: பெரியக்கா, யூரோப்பியானா நல்ல அடர் சிவப்பு இல்லையா? வெலிங்டன் தாவரத் தோட்டத்து ரோஜாப் பகுதிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அடர் சிவப்பில்தான் கண் போகிறது.

பெரியம்மா: நிறம் அழகுதான் தம்பி. 1963-ல் ஹாலந்தில் டி ராய்ட்டர் உருவாக்கியது, உலகமெல்லாம் போனது. ஆனால் அதன் கொத்து ரொம்பக் கனம். மழை பெய்தால் தலை தொங்கிவிடும். சாம்பல் நோயும் சீக்கிரம் பிடிக்கும். கடலோர ஈரத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

பெரியம்மா: ட்ரம்பெட்டர் கொஞ்சம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. அடர் சிவப்புதான் வேண்டும் என்பவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். எனக்கு அந்த நிறம்தான் பிடிக்கும். மேகம் மூடிய நாளில்கூடத் தெருமுனையிலிருந்து தெரியும். இலை தடிப்பாக, எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். இடுப்புக்கு மேல் வளராது.

அத்தை: அது இந்த ஊர் ரோஜாதானே அண்ணி?

பெரியம்மா: ஆமாம். சாம் மெக்ரெடி உருவாக்கியது. வட அயர்லாந்தில் தலைமுறை தலைமுறையாக ரோஜா வளர்த்த குடும்பம். அவர் 1972-ல் ஆக்லாந்துக்கே குடிவந்துவிட்டார். ட்ரம்பெட்டர் 1977-ல் வந்தது. அதன் பெற்றோரில் ஒன்று சாட்ச்மோ என்ற சிவப்பு ரோஜா. சாட்ச்மோ என்பது எக்காளக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப் பெயர். அதனால்தான் பிள்ளைக்கு ட்ரம்பெட்டர், அதாவது எக்காளம் ஊதுபவர், என்று பெயர்.

கயல்: பெயரே பிடித்துவிட்டது 🌹 வேலியை ஒட்டி நடலாமா?

பெரியம்மா: நில்லு. இதுதான் முக்கியம். உன் வேலி இடைவெளி இல்லாத பலகை வேலி. அது காற்றைத் தடுக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தடுக்காது. காற்று மேலே ஏறித் தாண்டி, உள்பக்கம் சுழன்று விழும். அந்தச் சுழலில் செடியை வைத்தால் வெட்டவெளியில் வைப்பதைவிட மோசம். காற்றைப் பாதி விட்டுப் பாதி நிறுத்தும் தடுப்புதான் நல்லது. சட்ட வேலி, நிழல்வலை, இல்லையென்றால் உயிர்வேலி.

பெரியம்மா: உங்கள் பக்கம் கிரிசலீனியா வேலி நிறையப் பார்த்திருப்பாய். தடித்த பச்சை இலை, உப்பைத் தாங்கும். உனக்குக் கிழக்கிலும் வடகிழக்கிலும் இருந்துதான் கடற்காற்று வரும். அந்தப் பக்கம் நாலு கிரிசலீனியா வை. அது வளரும்வரை வலை கட்டு. ரோஜாவைச் சற்றுத் தள்ளி உள்ளே வை, இரண்டின் வேரும் சண்டை போடக் கூடாது.

மாமா: வெலிங்டனில் இருந்துகொண்டு இதற்கு ஆமாம் போடாமல் இருக்க முடியாது. காற்றை முதலில் பார், உரத்தை அப்புறம் பார்.

பெரியம்மா: அதேதான் தம்பி. உரம் போதவில்லை என்று மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள், செடி காற்றில்தான் வாடுகிறது.

பெரியம்மா: இன்னொன்று கயல். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார். ஊர் நினைப்பில் தெற்குப் பக்கம் வைத்துவிடாதே. இங்கே சூரியன் வடக்கு வழியாகப் போகிறது. வீட்டின் தெற்குப் பக்கம் குளிர்காலம் முழுக்க நிழல். ரோஜாவுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

கயல்: முன்பக்கம் வடகிழக்குதான். காலையிலிருந்து மதியம்வரை வெயில் இருக்கிறது.

பெரியம்மா: போதும். காலை வெயில்தான் இலையைச் சீக்கிரம் உலர்த்தும்.

சனிக்கிழமை மதியம்

அம்மா: இப்போதுதான் எழுந்தேன். தூத்துக்குடியில் காலை ஏழரை மணி. அக்கா, அந்த ரோஜாவுக்கு மணம் உண்டா? சாமிக்கு வைக்கலாமா?

பெரியம்மா: மணம் இல்லை என்றே வைத்துக்கொள். பன்னீர் ரோஜாவை மனதில் வைத்துக்கொண்டு இதை மோந்தால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் பூ செடியில் நாள்கணக்கில் நிற்கும். சாமிக்குத் தாராளமாக வைக்கலாம், ஒரு கொத்து வெட்டினாலே தட்டு நிறைந்துவிடும்.

அம்மா: கயல், உப்பு பட்டால் இலை ஓரம் கருகும், கவனம். மொட்டை மாடியில் நம் செடிக்கு அப்படித்தான் ஆகும்.

கயல்: கருகியது உப்பாலா, நோயாலா என்று எப்படித் தெரியும்?

பெரியம்மா: நல்ல கேள்வி. உப்பு என்றால் இலையின் ஓரமும் நுனியும் பழுப்பாகக் காயும், காற்று அடிக்கும் பக்கத்தில்தான் அதிகம். கரும்புள்ளி நோய் என்றால் இலை நடுவில் கறுப்பு வட்டம், ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும், சுற்றி மஞ்சளாகி இலை கொட்டும், கீழ் இலையிலிருந்து மேலே ஏறும். துரு நோய் என்றால் இலையைத் திருப்பிப் பார், அடியில் ஆரஞ்சுப் பொடி.

பெரியம்மா: உப்பு ஏன் கருக்குகிறது என்றால், காற்று கொண்டுவரும் திவலை இலைமேல் காய்ந்து உப்பாகிவிடுகிறது. அது இலைக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. அதனால் பெருங்காற்று அடித்து மழை வராமல் ஓய்ந்தால், நல்ல தண்ணீரை மேலிருந்து பீய்ச்சி இலையைக் கழுவிவிடு.

கயல்: ஆனால் ரோஜா இலையை நனைக்கவே கூடாது என்று படித்தேனே?

பெரியம்மா: இரண்டும் உண்மைதான். கரும்புள்ளி வித்து முளைக்க இலை ஏழெட்டு மணி நேரமாவது தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். ஆகையால் கழுவுவதைக் காலையில் செய். பத்து மணி வெயிலில் இலை உலர்ந்துவிடும். மாலையில் கழுவினால் இரவு முழுக்க ஈரம், அதுதான் ஆபத்து. அன்றாடம் தண்ணீர் விடுவது வேரடியில் மட்டும். ஆக்லாந்துக் கோடை புழுக்கமானது, இந்த ஒரு பழக்கத்தை விட்டுவிடாதே.

அத்தை: மண் எப்படி இருக்கிறது கயல்? உங்கள் வடகரைப் பக்கம் எல்லாம் களிமண் என்பார்களே.

கயல்: தோண்டினால் மஞ்சளாக, பிசுபிசுவென்று வருகிறது அத்தை. மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது.

பெரியம்மா: களிமண்ணேதான். எங்கள் மவுண்ட் ராஸ்கில் பக்கம் எரிமலை மண், வேறு கதை. குழி வெட்டி நல்ல மண்ணை நிரப்பினால் அந்தக் குழி வாளிமாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் அழுகும். குழி வேண்டாம், மேடு போடு. மட்கு உரமும் மண்ணும் கலந்து ஒரு சாண் உயரம். அது முடியாது என்றால் தொட்டி. ட்ரம்பெட்டர் தொட்டியில் அருமையாக வரும். 45 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். கறுப்புப் பிளாஸ்டிக் வேண்டாம், கோடையில் வேர் வெந்துவிடும்.

அம்மா: சாணி எரு கிடைக்குமா அங்கே?

பெரியம்மா: ஆட்டு எரு உருண்டை மூட்டையில் கிடைக்கும், அதுவே போதும். ஆனால் நடும்போது போடக் கூடாது, புது வேரைச் சுடும். துளிர்விட்ட பிறகு செப்டம்பரில் மேலாகத் தூவி, பட்டாணி வைக்கோல் மூடாக்கு போடு.

பெரியம்மா: கயல், இதைக் கட்டாயம் படி. தொட்டி மண் மூட்டையை முகத்துக்கு நேரே கிழிக்காதே. அதில் லெஜியோனெல்லா என்ற கிருமி இருக்கலாம், தூசியை மூச்சில் இழுத்தால் கடும் நிமோனியா வரும். மூட்டையிலேயே எச்சரிக்கை போட்டிருக்கும். முகக்கவசம், கையுறை போட்டு, திறந்தவெளியில் கத்தரியால் மெதுவாக வெட்டி, மண்ணை நனைத்த பிறகு கையாளு. முடித்ததும் கை கழுவு. செடியைவிட நீ முக்கியம்.

மாமா: ஆமாம் கயல், இதில் அலட்சியம் வேண்டாம்.

கயல்: சரி பெரியம்மா. முகக்கவசம் வீட்டில் இருக்கிறது. செடிக்குக் கவாத்து இப்போதே செய்ய வேண்டுமா?

பெரியம்மா: கடையில் வெட்டித்தான் கொடுப்பார்கள், இந்த வருடம் நீ ஒன்றும் செய்யாதே. அடுத்த ஜூலையில் காய்ந்தது, உரசுவது, பென்சிலைவிட மெலிந்தது எல்லாம் எடுத்துவிட்டு, மிச்சத்தை மூன்றில் ஒரு பங்கு குறை. ஃப்ளோரிபண்டாவை ஒட்ட வெட்டக் கூடாது, தண்டு அதிகம் இருந்தால்தான் கொத்து அதிகம். கோடையில் பூ வாடியதும் ஒற்றைப் பூவாகக் கிள்ளாமல், முழுக் கொத்தையும் கீழே உள்ள முதல் நல்ல இலைக்கு மேல் வெட்டு. ஆறேழு வாரத்தில் அடுத்த கொத்து வந்துவிடும்.

பெரியம்மா: ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்குச் சற்று மேலே தெரிய வேண்டும். அதற்குக் கீழிருந்து முளைத்தால் அது வேர்ச்செடியின் கிளை, பிய்த்து எறிந்துவிடு.

அம்மா: அக்கா, எனக்கும் இங்கே ஒரு சிவப்பு வேண்டும். ஐப்பசியில் மழை இறங்குவதற்கு முன்னால் கவாத்து செய்துவிடவா?

பெரியம்மா: செய். நீ தொட்டியைச் சுவரோரம் வைக்காதே, மாடிச் சுவர் வெப்பத்தை உமிழும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் அடியில் வழியும்வரை விடு, தங்கிய உப்பு இறங்கிவிடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை விடாதே, குடிதண்ணீரோ மழைநீரோ விடு.

கயல்: பெரியம்மா, வாங்கிவிட்டேன். ட்ரம்பெட்டர் இரண்டு.

கயல்: (படம்)

பெரியம்மா: தண்டு பச்சையாக, தடிப்பாக இருக்கிறது. நல்ல செடி. இன்றைக்கு நட முடியாது என்றால் வேரை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வை, உலரவே கூடாது. நாளைக் காலை எழுந்ததும் வாளித் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவை. பத்து மணிக்கு நான் வருகிறேன்.

கயல்: வாருங்கள். இட்லி ஊற்றி வைக்கிறேன். வலைக்குக் கம்பு எத்தனை வாங்கட்டும்?

பெரியம்மா: நாலு. ஆளுயரத்துக்கு இருக்கட்டும்.